ஆறாவது ரப்பர்

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. "உயிரோட இருக்கியா?" என்று தனி மடலில் விசாரித்த நாலு பேருக்கும் (ஆமாங்க, நாலே பேர்தான்) நன்றி. இருக்கேன். இடது கைக் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கு. அதுக்குக் காரணம் ஒரு ரப்பர் துண்டு. இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான். வண்டியில் ஆரம்பிச்சு எங்கெங்கேயோ போகும், முன்கூட்டியே சொல்லிடறேன். சரித்திரம் பிடிக்காதவங்க நேராகக் கடைசிப் பத்திக்குப் போயிடலாம். அங்கேயும் சரித்திரம்தான் இருக்கு :-)

நான் குடியிருக்கிறது பர்மிங்ஹாம் பக்கத்துல. மாடியில நான், கீழே வீட்டுக்காரத் தாத்தா. வயசு 79. அவரோட கராஜ்ல அவங்க அப்பா வாங்கின 1955 மாடல் ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350 ஒண்ணு நிக்குது. இங்கிருந்து ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள ரெட்டிச் என்கிற ஊர் வந்துடும். அங்கே செஞ்ச வண்டி. அதே 1955-ல்தான் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து நம்ம சென்னையில புல்லட்டைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துத் தயாரிப்பு 1970-ல் நின்னு போச்சு, திருவொற்றியூர்க்காரங்க விடலை. இதை நான் சொன்னதும் தாத்தா என்னை ஏதோ வண்டிக்குச் சொந்தக்காரன் மாதிரி பார்க்க ஆரம்பிச்சார். நான் ஊர்ல ஓட்டினது ஸ்கூட்டி என்கிற உண்மையை இன்னும் சொல்லலை.

அவருக்கு ஒரு ஆசை. இந்தக் கோடையில ஒரே ஒரு தடவை வண்டியை ஓட்டிட்டு, அப்புறம் பேத்திகிட்ட கொடுத்துடணும். ஆனா விரல் மூட்டெல்லாம் வீங்கிப் போய் ஸ்பேனர் பிடிக்க முடியலை. "உனக்குக் கை இருக்கு, எனக்கு மூளை இருக்கு, சேர்த்துக்கலாமா?" என்றார். வாடகையில ஏதாவது குறைப்பாரோ என்கிற நப்பாசையில சரின்னுட்டேன். (குறைக்கலை.)

வண்டியில் என்ன கோளாறு என்றால், கியர் போட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின் சக்கரத்துலேர்ந்து 'டக் டக்'னு ஒரு சத்தம். பின் சக்கரத்தைக் கழட்டி, ஸ்ப்ராக்கெட்டோட சேர்ந்த பிரேக் டிரம்மை ஹப்பிலிருந்து பிரிச்சுப் பார்த்தா, உள்ளே ஆறு ரப்பர் கட்டை இருக்கவேண்டிய இடத்துல கருப்பா, நசுங்கின புளி உருண்டை மாதிரி ஆறு வஸ்து இருந்தது. தொட்டா பொடியா உதிருது.

இதுக்குப் பேர் குஷ் டிரைவ். கொஞ்சம் விளக்கிடறேன், பின்னாடி தேவைப்படும். புல்லட் ஒற்றை சிலிண்டர் வண்டி. என்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவைதான் வெடி விழும். அதாவது சக்கரத்துக்குப் போற விசை ஆறு மாதிரி ஓடி வராது, அடி அடியா வரும். நேரா இரும்புக்கு இரும்பு இணைச்சா செயினும் கியர்பாக்ஸும் சீக்கிரம் தேய்ஞ்சு போகும். அதனால டிரம் பக்கம் மூணு இரும்புத் தகடு, ஹப் பக்கம் மூணு தகடு, இடையில ஆறு ரப்பர் கட்டை. வண்டி வேகம் எடுக்கும்போது மூணு கட்டை நசுங்கும், வேகத்தைக் குறைச்சா மற்ற மூணு. என்ஜின் கொடுக்கிற அடியையும், ரோடு திருப்பிக் கொடுக்கிற அடியையும் ரப்பர் வாங்கிக்கும். ராயல் என்ஃபீல்ட் 1910-களிலேயே இந்த ஏற்பாட்டைத் தன் வண்டிகளில் வெச்சுடுச்சு.

புது ரப்பர் ஒரு செட் தபாலில் வந்தது. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன். கையில எடுத்ததுமே தாத்தா முகம் சுருங்கிப் போச்சு. கட்டை கல்லு மாதிரி இருக்கு. நகத்தால அழுத்தினா நகம்தான் வளையுது. நான் படிக்கிறது பொருளறிவியல் முதுகலை என்பதால் ஒண்ணை எடுத்துட்டுப் போய் எங்க லேப்ல இருக்கிற கடினமானியில அழுத்திப் பார்த்தேன். ஷோர் ஏ அளவுகோலில் 84 காட்டுச்சு. கார் டயரோட மேல்புறம் அறுபது எழுபதுக்குள்ள இருக்கும். அப்ப இது எவ்வளவு கெட்டின்னு பார்த்துக்கோங்க.

ரப்பர் ஏன் இப்படிக் கெட்டியாகுது? இங்கேதான் சரித்திரம் நுழையுது.

மரத்துலேர்ந்து வர்ற ரப்பர் தன்பாட்டுக்கு விட்டா வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைச்சுப் போகும். 1823-ல் ஸ்காட்லாந்து மெக்கின்டாஷ் மழைக்கோட்டு செஞ்சார். அந்தக் காலத்து ரப்பர் சாமான் எல்லாத்துக்கும் இதே தொந்தரவுதான். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பரைச் சூடுபடுத்தினா இந்தக் குணம் போயிடும்னு கண்டுபிடிச்சார். கந்தகம் என்ன பண்ணுதுன்னா, தனித்தனியா நூல் மாதிரி கிடக்கிற ரப்பர் மூலக்கூறுகளை நடுநடுவே முடிச்சுப் போட்டு வலையாக்குது. முடிச்சு கொஞ்சமா இருந்தா இழுத்தா நீளும், விட்டா திரும்பி வரும். நூறு பங்கு ரப்பருக்கு ரெண்டு மூணு பங்கு கந்தகம் போட்டா மெத்து. முப்பது பங்குக்கு மேல போனா எபோனைட். பழைய பேனா உடம்பு செய்வாங்களே, அந்தக் கட்டை. அப்புறம் 1904-ல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில, புகைக்கரியைக் கலந்தா ரப்பர் பல மடங்கு உறுதியாகுதுன்னு தெரிஞ்சது. டயர் கருப்பா இருக்கிறதும் அதனாலதான். கந்தகமும் கரியும் கொஞ்சம் கை தவறி விழுந்தா எனக்கு வந்த பார்சல் மாதிரி ஆகும்.

குட்இயர் பாவம், கடனுக்காகச் சிறைக்குப் போனவர். 1860-ல் செத்தப்ப சுமார் 2 லட்சம் டாலர் கடன். இன்னிக்கு டயர் மேல இருக்கிற அந்தப் பேருக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. கம்பெனி 1898-ல் வேற ஆட்கள் ஆரம்பிச்சது, பேரை மட்டும் மரியாதைக்கு வெச்சாங்க. பேராவது கிடைச்சுதேன்னு தோணும், இந்தக் கதையில மற்றவங்களைப் பார்க்கும்போது.

சரி, கராஜுக்கு வருவோம். முதல் நாள் அஞ்சு கட்டை உள்ளே போயிடுச்சு. ஆறாவது மாட்டேங்குது. அஞ்சு பேர் உட்கார்ந்த ஷேர் ஆட்டோவில ஆறாவது ஆள் ஏறுற கதைதான். ஆனா இங்கே யாருமே நகர மாட்டேங்கறாங்க. நான் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். தாத்தா போட்டாரே ஒரு சத்தம்! இயற்கை ரப்பருக்கு மினரல் எண்ணெய் ஆகாது. உறிஞ்சி, உப்பி, கூழாகிடும். (பொருளறிவியல் படிக்கிறவன் நான். வெட்கக்கேடு.) பெட்ரோலும் எண்ணெயும் படுற இடத்துக்கு வேற வகை செயற்கை ரப்பர் வேணும், அது 1930-களில்தான் வந்தது.

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அப்பாயிக்கு 90 வயசு. கண்ணு மங்கல், காது நல்லா கேட்கும். "என்னடா கையெல்லாம் கரி?" என்று அப்பா கேட்க, ரப்பரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பின்னாலேர்ந்து அப்பாயி குரல்: "என்னது, கித்தாவா?"

கித்தா! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம்! இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

அப்பாயி பிறந்தது மலாயாவுல, கிள்ளான் பக்கத்துல ஒரு கித்தா தோட்டத்துல. ரப்பருக்கு மலாய்ச் சொல் 'கெத்தா'. நம்ம ஆளுங்க வாயில கித்தா. பூட்டனார் மன்னார்குடிப் பக்கத்துலேர்ந்து கங்காணி பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குல இறங்கினவர். சின்ன வயசுல இதையெல்லாம் அப்பாயி சொல்லும்போது நான் காதுல வாங்கிக்கவே இல்லை. இங்கே வந்து ஒரு ரப்பர் கட்டையோட மல்லுக்கட்டின பிறகுதான் புத்தி வந்து நூலகத்துல தேடிப் படிச்சேன்.

அந்த மரமே மலாயாவோடது இல்லை. பிரேசில் அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்காம் என்கிற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்துலேர்ந்து சுமார் 70,000 விதையைக் கப்பல்ல ஏத்தி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நூத்துக்கு நாலு விதைகூட முளைக்கலை. முளைச்சதுல பெரும்பகுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், இலங்கைக்குப் போச்சு. 1877-ல் வெறும் 22 கன்று சிங்கப்பூருக்குப் போச்சு. 1888-ல் சிங்கப்பூர் தோட்டத்துக்கு இயக்குநரா வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாம தினமும் பட்டையை மெல்லிசாச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சார். காப்பித் தோட்டக்காரங்களைப் பிடிச்சு ரப்பர் போடுங்கன்னு பின்னாலேயே அலைஞ்சதுல அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி'ன்னே பேர் விழுந்துச்சு. 1888-லேயே டன்லப் காற்றடைச்ச டயரும் கொண்டுவந்துட்டார். அப்புறம் சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார். 1910-ல் ஒரு பவுண்டு எடை ரப்பர் லண்டன்ல 12 ஷில்லிங்கைத் தாண்டிப் போச்சு. பைத்தியக்காரன்னு சொன்னவங்க எல்லாம் காப்பிச் செடியைப் பிடுங்கிட்டு ரப்பர் நட்டாங்க.

மரம் இருந்தா போதுமா? சீவ ஆள் வேணுமே. அதுக்குத்தான் நம்ம ஆளுங்க. தோட்டத்துலேர்ந்து கங்காணியைச் சொந்த ஊருக்கு அனுப்பி, சொந்தக்காரன், தெருக்காரன்னு ஆள் சேர்த்துட்டு வர்றது. விடியறதுக்கு முன்னால பெரட்டு. இருட்டுலேயே பால் வெட்டப் போகணும், ஏன்னா வெயில் ஏறினா மரத்துல பால் ஓடுறது நின்னுடும். மங்குல பால் வடியும். அதைச் சேகரிச்சு, ஆசிட் விட்டு உறைய வெச்சு, தகடாத் தேய்ச்சு, புகை போட்டுக் காய வைக்கணும். அப்பாயிக்குச் சின்ன வயசுல கொடுத்த வேலை, வெட்டுவாய்ல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரிச்சுக் கூடையில சேர்க்கிறது. "அந்த நாத்தம் சாகுற வரைக்கும் போகாதுடா" என்பார்.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயம். ரப்பர் விலை ஒரு இடத்துல நிக்கவே இல்லை. 1910-ல் 12 ஷில்லிங். 1932-ல் 2 பென்னிக்கும் கீழே. (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்க, எழுபதுல ஒரு பங்குகூட இல்லை.) நடுவுல 1922 முதல் 1928 வரைக்கும் ஏற்றுமதியைக் குறைச்சு விலையைத் தூக்கிப் பிடிச்சாங்க. 1934-ல் மறுபடி சர்வதேச ஒப்பந்தம். இதெல்லாம் முதலாளிக்குப் போட்ட முட்டு. தொழிலாளிக்கு? 1920-களின் கடைசியில ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசுன்னு கூலி நிர்ணயம் பண்ணினாங்க. 1930-ல் விலை விழுந்ததும் அது 40, 32-ன்னு குறைஞ்சது. அதுக்கப்புறமும் செலவு கட்டலைன்னு, 1930-லிருந்து 1932-க்குள்ள லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பல் ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. விலை ஏறினதும் மறுபடி கங்காணி கிளம்பினான்.

குஷ் டிரைவ் என்ன பண்ணுதுன்னு மேலே சொன்னேன் இல்லையா. லண்டன் சந்தை அடிக்கிற அடியைத் தோட்டக் கம்பெனி தாங்கலை, ஆபீஸ்ல இருந்த கிராணி தாங்கலை. நடுவுல வெச்ச கட்டைங்க தாங்கினாங்க. நசுங்கினா எடுத்துப் போட்டுட்டு வேற கட்டை.

ஆனா கட்டை எல்லா நேரமும் நசுங்கிட்டே இருக்கலை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேணும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடணும்னு பல கோரிக்கைகள். அதுல ஒண்ணைப் படிச்சப்ப நான் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தேன்: வெள்ளைக்கார துரை எதிர்ல வந்தா தொழிலாளி சைக்கிள்லேர்ந்து இறங்கி நிக்கணும்கிற கட்டாயம் போகணும்.

சைக்கிள் டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவன், அந்தச் சைக்கிள்மேல உட்கார்ந்து போகக்கூடாது. அரசாங்கம் பட்டாளத்தை இறக்கிச்சு. துப்பாக்கிச் சூட்டுல அஞ்சு பேர் செத்தாங்க. முன்னால நின்ன ஆர். எச். நாதனைக் கைது பண்ணி இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க.

இதைப் படிச்சுட்டு மறுபடி அப்பாயிக்குப் போன் பண்ணினேன். "அப்பாயி, உங்கப்பாகிட்ட சைக்கிள் இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இருந்துச்சு. பழசு, கட்டைச் சைக்கிள். என்னைய முன்னால உக்கார வெச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. தொரை கார் வந்தா இறங்கி, என்னையும் இறக்கிவிட்டுருவாரு. எனக்குக் காய்ச்சல். நிக்க முடியாது. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன்."

"ஸ்ட்ரைக்குக்கு அப்புறம்?"

"அப்புறந்தான் ஜப்பான்காரன் வந்துட்டானே."

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. உலகத்து இயற்கை ரப்பர்ல பத்துல ஒன்பது பங்கு ஜப்பான் கையில. அமெரிக்கா அவசர அவசரமா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிச்சு. அந்த யுத்த காலத்துல ராயல் என்ஃபீல்ட் செஞ்ச ஒரு குட்டி வண்டி உண்டு, 125 சிசி, பாராசூட்ல இறக்குறதுக்காக. செல்லப் பேர் 'ஃப்ளையிங் ஃப்ளீ', அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி. முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் வளையங்கள்தான். ரப்பருக்குப் பஞ்சம் வந்த யுத்தத்துலகூட அடியைத் தாங்க ரப்பரைத்தான் தேடியிருக்காங்க.

தோட்டத்துல பால் வாங்க ஆள் இல்லை. வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்துலதான் ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிச்சாங்க. 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர்ல முடிஞ்சது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல செத்தாங்க. தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளிகள் அதைப் போலப் பல மடங்கு. தாய்லாந்துக் காஞ்சனாபுரியில போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையா பேர் பொறிச்ச கல்லறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அப்பாயியோட அப்பா போனது 1943-ல். திரும்பி வரலை. 1946-ல் அம்மாவும் பொண்ணும் மட்டும் நாகப்பட்டினத்துல வந்து இறங்கினாங்க.

விக்காமுக்கு 1920-ல் சர் பட்டம் கிடைச்சது. எங்க பூட்டனாருக்கு ஒரு போட்டோகூட இல்லை. போன்ல அப்பாயிகிட்ட பேரைக் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டேன். இத்தனை நாள் அதுகூட எனக்குத் தெரியாது. அதுதான் உண்மையிலேயே வெட்கக்கேடு, கிரீஸ் விஷயம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி கராஜ். இந்தத் தடவை முறையாப் பண்ணினோம். கட்டைகளை வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வெச்சோம். கராஜ் குளிர்ல விறைச்சிருந்தது கொஞ்சம் இளகிச்சு. உப்புத்தாளால ஓரத்தை மட்டும் லேசாச் சாய்வாத் தேய்ச்சேன். சோப்புத் தண்ணி தடவி ஆறையும் ஹப்புக்குள்ள சாய்வா நிறுத்தி, டிரம்மோட தகடுங்க மூணும் இடைவெளியில நுழையற மாதிரி வெச்சு, நடுவுல நீள போல்ட்டும் வாஷரும் போட்டு நட்டை ஒவ்வொரு பக்கமாப் பார்த்துப் பார்த்து முறுக்கினோம். சோப்புல ஒரு வசதி, காஞ்சதும் வழுக்காது, ரப்பரையும் கெடுக்காது. 'பொசுக்'குன்னு ஒரு சத்தம். ஆறாவதும் போயிடுச்சு, என் கட்டைவிரலையும் சேர்த்துக்கிட்டு.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. தாத்தா தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டு வந்து இறங்கினார். சந்தோஷப்படுவார்னு பார்த்தா தலையை ஆட்டறார். "சத்தம் போச்சு. ஆனா ஒவ்வொரு வெடியும் முதுகுத்தண்டுல தெரியுது. இது ரப்பர் இல்லை, மரக்கட்டை. கழட்டிடலாம்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. மூணு வாரம் சார்! ஆனா அவர் சொன்னது சரி. உள்ளே போயிட்டதுங்கிறதுக்காக அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லை. அடியை வாங்காத ரப்பர் அந்த அடியை செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தள்ளிவிடும். வேற இடத்துலேர்ந்து மெத்தான செட் ஒண்ணு சொல்லியிருக்கோம். அது வர்ற வரைக்கும் வண்டி ஸ்டாண்டுல நிக்கும்.

கழட்டின கட்டைகள்ல ஒண்ணை, அந்த ஆறாவதை, நான் எடுத்துக்கிட்டேன். மேஜைமேல பேப்பர் பறக்காம இருக்க உதவுது. அதுக்கு அடியில ஒரு சின்னத் தாள். அதுல பூட்டனார் பேர், தோட்டத்துப் பேர், 1943. கோர்ஸ் முடிஞ்சு ஊருக்குப் போறப்ப பினாங்கு வழியா டிக்கெட் கிடைக்குமான்னு பார்த்துட்டிருக்கேன். அப்பாயிகிட்ட சொன்னேன். "போனா அந்த ரோட்டுல சைக்கிள்ல போடா. இறங்காதே"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க.

டிஸ்கி: புல்லட் வெச்சிருக்கிறவங்க ரப்பர் வாங்குறப்ப முதல்ல நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் வளைஞ்சா வாங்காதீங்க.